மீம்ல பார்த்த முகம் ஓகே... முழுப் படத்தையும் பார்த்தீங்களா? நிக்கோலஸ் கேஜின் 'வாம்பயர்ஸ் கிஸ்' ரசிகர்களை இன்னும் இரண்டாகப் பிரிப்பது ஏன்?

கண் ரெண்டும் வெளியே தெறித்து விழுந்துவிடும் போல விரிந்திருக்கும். உதட்டில் ஒரு நக்கல் சிரிப்பு. "அப்படியா... சொல்லவே இல்ல!" என்று யாரையாவது கலாய்க்க வேண்டும் என்றால் வந்து விழும் அந்தக் கறுப்பு வெள்ளை மீம், உங்கள் போனுக்கும் ஒரு தடவையாவது வந்திருக்கும்.

அந்த முகம் ஹாலிவுட் நடிகர் நிக்கோலஸ் கேஜுடையது. 'கோஸ்ட் ரைடர்' பார்த்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. ஆனால் அந்த முகபாவனை எந்தப் படத்தில் வருகிறது, யாரைப் பார்த்து அவர் அப்படிச் சிரிக்கிறார் என்று கேட்டால் மீம் ஃபார்வர்ட் செய்கிற பலருக்கும் தெரியாது. வடிவேலு ஸ்டில்லை அனுப்புகிற எல்லோருக்கும் படத்தின் பெயர் தெரியுமா என்ன?

படத்தின் பெயர் 'வாம்பயர்ஸ் கிஸ்'. ரத்தக்காட்டேரியின் முத்தம். பேய்ப் படம், காமெடிப் படம், மனநோயைப் பற்றிய படம் என்று பார்க்கிற ஆளைப் பொறுத்து பெயர் மாறும். சிலர் இதை மாஸ்டர்பீஸ் என்கிறார்கள். சிலர் அரை மணி நேரத்தில் ஆஃப் செய்துவிடுகிறார்கள். ஏன் இந்தப் பிளவு?

முதலில், என்ன படம் இது?

1988இல் தயாராகி, 1989 ஜூன் மாதம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த படம். இயக்கியவர் பிரிட்டனைச் சேர்ந்த ராபர்ட் பியர்மன். கதை, திரைக்கதை ஜோசஃப் மினியன். மார்ட்டின் ஸ்கோர்செஸி இயக்கிய 'ஆஃப்டர் ஹவர்ஸ்' படத்தை எழுதியவர் இவர்தான். நியூயார்க்கில் ஒரே ராத்திரியில் ஒரு அப்பாவி மாட்டிக்கொண்டு படும் அவஸ்தையை சிரிக்கச் சிரிக்கச் சொன்ன படம் அது. இதிலும் அதே நகரம், அதே ராத்திரிகள். ஆனால் இந்தத் தடவை ஹீரோ அப்பாவி இல்லை.

பட்ஜெட் சுமார் 20 லட்சம் டாலர். அமெரிக்காவில் வசூல் சுமார் 7 லட்சத்து 25 ஆயிரம் டாலர். சுருக்கமாகச் சொன்னால், படுதோல்வி.

கேஜ் அப்போது வளர்ந்துவரும் நடிகர். 1987இல் வந்த 'மூன்ஸ்ட்ரக்' ஹிட்டாகி, காதல் படங்களுக்கு ஏற்ற ஹீரோ என்ற பெயர் கிடைத்திருந்த நேரம். அந்தப் பெயரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளாமல் இந்தக் கதையில் போய் நடித்தார்.

கதை என்ன? (ஸ்பாய்லர் உண்டு)

பீட்டர் லோ, மன்ஹாட்டனில் எழுத்தாளர்களுக்கான ஏஜென்ட். நல்ல வேலை, நல்ல சூட், தனி ஃபிளாட், ராத்திரி ஆனால் கிளப். எந்தப் பெண்ணோடும் நிலைத்த உறவு கிடையாது. வாரா வாரம் மனநல ஆலோசகரிடம் போய்ப் புலம்புவான்.

ஒரு நாள் இரவு, ஜாக்கி என்ற பெண்ணோடு ஃபிளாட்டில் இருக்கும்போது ஜன்னல் வழியாக ஒரு வௌவால் உள்ளே வந்துவிடுகிறது. அதை விரட்டியபோது தனக்குள் ஏதோ கிளர்ச்சி ஏற்பட்டதாக ஆலோசகரிடம் போய்ச் சொல்கிறான். (ஜாக்கியாக நடித்த கேஸி லெமன்ஸ் பின்னாளில் இயக்குநராகி 'ஈவ்ஸ் பாயூ', 'ஹேரியட்' படங்களை எடுத்தார்.)

அதன்பிறகு ரேச்சல் என்ற அழகி வருகிறாள். ஜெனிஃபர் பீல்ஸ் நடித்த வேடம். அவள் பீட்டரின் கழுத்தில் கடிக்கிறாள். ரத்தம் குடிக்கிறாள். அன்றிலிருந்து, தான் ரத்தக்காட்டேரியாக மாறிக்கொண்டிருப்பதாக பீட்டர் நம்பத் தொடங்குகிறான்.

பகலில் ஆபீசில் வேறொரு கதை ஓடுகிறது. ஒரு எழுத்தாளரின் பழைய ஒப்பந்தக் காகிதம் காணவில்லை. அதைக் கண்டுபிடிக்கும் வேலை ஆல்வா என்ற இளம் செயலாளர் தலையில் விழுகிறது. மரியா கொன்ச்சிட்டா அலோன்சோ நடித்த பாத்திரம். ஆயிரக்கணக்கான பைல்களில் ஒரு தாள். பெரிய அவசரமே இல்லாத ஒரு தாள்.

பீட்டரின் பைத்தியம் முற்ற முற்ற, அத்தனையும் ஆல்வா மேல் இறங்குகிறது.

நிஜமாகவே ரத்தக்காட்டேரியா, எல்லாம் பிரமையா?

படம் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் தடயங்களை ஒளித்து வைப்பதும் இல்லை.

கண்ணாடியில் தன் உருவம் தெரியவில்லை என்று பீட்டர் அலறுகிறான். நமக்கோ கண்ணாடியில் அவன் முகம் பளிச்சென்று தெரிகிறது. துப்பாக்கியை வாயில் வைத்துச் சுட்டுக்கொள்கிறான், சாகவில்லை. 'எனக்கு மரணமே இல்லை' என்று முடிவுகட்டிவிடுகிறான். அந்தத் துப்பாக்கியில் இருந்தது வெறும் சத்தம் மட்டும் வரும் தோட்டா. கோரைப்பல் முளைக்கக் காத்திருந்து, முளைக்காததால் கடைக்குப் போய் பிளாஸ்டிக் பல் வாங்குகிறான். நல்ல செட் வாங்கக் கையில் காசு போதாததால் மலிவான செட்டை வாங்குகிறான்! சவப்பெட்டிக்குப் பதிலாக சோபாவைக் கவிழ்த்துப்போட்டு அதற்கடியில் படுத்துக்கொள்கிறான்.

கடைசியில், கிளப்பில் ரேச்சலை நேரிலேயே பார்க்கிறான். அவளுக்கு இவன் யாரென்று சரியாகத் தெரியக்கூட இல்லை.

இந்த வகைக் கதை இதற்கு முன்னும் வந்திருக்கிறது. ஜார்ஜ் ரொமேரோ 1970களில் எடுத்த 'மார்ட்டின்' படத்திலும், தன்னை ரத்தக்காட்டேரி என்று நம்பும் ஒரு இளைஞன்தான் மையம். அது சோகமான படம். 'வாம்பயர்ஸ் கிஸ்' அதே சோகத்தைக் கோமாளித் தொப்பி போட்டு அழைத்து வருகிறது. சிரிப்பு வரக்கூடாத இடத்தில் சிரிப்பு வரவழைப்பதுதான் டார்க் காமெடி. சிரித்து முடித்ததும் 'நாம ஏன் சிரிச்சோம்?' என்று உறுத்தினால் அந்த காமெடி வேலை செய்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த நடிப்பு... ஓவரா? திட்டமிட்டதா?

ரசிகர்கள் முதலில் மோதிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

கேஜ் இந்தப் படத்தில் யாரும் பேசாத ஒரு உச்சரிப்பில் பேசுகிறார். பாதி பிரிட்டிஷ், பாதி அமெரிக்கன், மீதி என்னவென்றே தெரியாது. இலக்கியப் பேராசிரியரான தன் தந்தை ஆகஸ்ட் கொப்போலா பேசும் விதத்திலிருந்து எடுத்தது என்று கேஜ் பின்னர் சொல்லியிருக்கிறார். ஆலோசகர் முன்னால் நின்றுகொண்டு, பைல்களை அகரவரிசையில் அடுக்குவது என்ன பெரிய கம்பசூத்திரமா என்று கேட்டு, ஏ முதல் இசட் வரை கையை ஆட்டி ஆட்டிக் கத்துகிற காட்சி இன்றைக்கும் யூடியூபில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கரப்பான் பூச்சி விஷயத்துக்கு வருவோம். பீட்டர் ஒரு கரப்பான் பூச்சியைப் பிடித்து வாயில் போட்டு மெல்லும் காட்சி உண்டு. கிராஃபிக்ஸ் இல்லை, டம்மியும் இல்லை. உயிருள்ள கரப்பான் பூச்சி. ஸ்கிரிப்டில் இருந்தது பச்சை முட்டை, கரப்பான் பூச்சிதான் வேண்டும் என்று கேட்டது கேஜ்.

இதையெல்லாம் வைத்து 'கன்ட்ரோல் இல்லாத நடிகர்' என்று முடிவு செய்தவர்கள் அதிகம். ஆனால் கேஜ் சொல்லும் விளக்கம் வேறு. ஒலி இல்லாத காலத்து ஜெர்மன் படங்களின் நடிப்பைத்தான் அவர் இதில் கொண்டுவர நினைத்தார். முக்கியமாக, 1922இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' படத்தில் மேக்ஸ் ஷ்ரெக் செய்த ரத்தக்காட்டேரி. வசனம் இல்லாததால் தோள், விரல், கண் எல்லாவற்றாலும் பேசிய நடிப்பு அது. படத்தின் பிற்பகுதியில் தோளைத் தூக்கிக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு கிளப்புக்குள் கேஜ் நடந்து வருவதைக் கவனித்தால் ஷ்ரெக் தெரிவார். பீட்டர் நிஜ ரத்தக்காட்டேரி இல்லையே. அவன் சினிமாவில் பார்த்த ரத்தக்காட்டேரியைத்தானே காப்பியடிக்க முடியும்? அப்படிப் பார்த்தால் அந்த 'ஓவர் ஆக்டிங்' கதைக்குத் தேவையான ஒன்று.

கேஜுக்கு இது தன் படங்களில் மிகவும் பிடித்த ஒன்று. பின்னால் செய்த வேடங்களுக்கு ஒத்திகை பார்த்த பரிசோதனைக்கூடம் மாதிரி இதைப் பற்றிப் பேசுவார். இந்தப் படத்துக்குச் சில ஆண்டுகள் கழித்து, 'லீவிங் லாஸ் வேகாஸ்' படத்துக்காக அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது.

வெளியானபோது விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்?

அப்போதே இரண்டு கட்சி. நியூயார்க் டைம்ஸில் எழுதிய கேரின் ஜேம்ஸ், கேஜின் கட்டுப்பாடற்ற நடிப்பே படத்தை அழித்துவிட்டது என்ற முடிவுக்கு வந்தார். நியூயார்க்கர் இதழின் பவுலின் கேல் அதே நடிப்பின் துணிச்சலைப் பாராட்டினார்.

மக்கள் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அவர்கள் தியேட்டருக்கே வரவில்லை. பயமுறுத்தும் டிராகுலா படம் என்று நினைத்து வந்தவர்களுக்கு பேய் இல்லை. காமெடி என்று வந்தவர்களுக்கு சிரிக்க தைரியம் இல்லை. படம் வீடியோ கேசட்டுக்குப் போய், அங்கே மெதுவாக ஒரு ரசிகர் கூட்டத்தைச் சேர்த்தது.

மீம் வந்தது, எல்லாம் மாறியது

2010 வாக்கில், கேஜ் கத்துகிற காட்சிகளை மட்டும் வெட்டி ஒட்டிய வீடியோக்கள் யூடியூபில் பரவின. அதில் 'வாம்பயர்ஸ் கிஸ்' காட்சிகளுக்குத் தனி இடம். அந்த விரிந்த கண் ஸ்டில் கோட்டோவிய மீமாக மாறியதும் அதே காலகட்டத்தில்தான்.

தோற்றுப்போன படம், 20 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, பார்க்காதவர்களுக்கும் தெரிந்த படமானது. புதிதாகப் பார்க்க வந்தவர்களில் பெரும்பாலோர் 'கேஜ் பைத்தியம் மாதிரி நடிப்பார், செம்ம ஜாலியா இருக்கும்' என்று வந்தவர்கள். நண்பர்களோடு உட்கார்ந்து சிரிக்க வந்தவர்கள். முதல் முக்கால் மணி நேரம் அது நடக்கவும் செய்கிறது.

அதன்பிறகு அறையில் சத்தம் குறைகிறது. காரணம், ஆல்வா.

மீமில் வெட்டப்பட்ட பெண்

அந்த மீமில் கேஜ் யாரைப் பார்த்து அப்படிச் சிரிக்கிறார்? ஆல்வாவைப் பார்த்து. ஆபீசில் அவளை மட்டம் தட்டிப் பேசும் காட்சியில் வரும் முகம் அது. மீமில் முகம் மட்டும் இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் பெண் இல்லை.

முழுப் படத்தில் அவள் இருக்கிறாள். பீட்டர் மேஜை மேல் ஏறி நின்று கத்துவான், துரத்துவான். அவள் பெண்கள் கழிவறைக்குள் ஓடி ஒளிந்தால் அங்கேயும் போவான். வேறு யாரிடமாவது இந்த வேலையைக் கொடுக்கக்கூடாதா என்று கேட்டால், இந்த ஆபீசிலேயே நீதான் கடைசி ஆள், அதனால் நீதான் செய்ய வேண்டும் என்பான். பயத்தில் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டால் டாக்ஸி பிடித்து வீட்டுக்கே வந்து நிற்பான், அங்கே நல்லவன் போலப் பேசி திரும்ப அழைத்துக்கொண்டு போவான். வழியில் மறுபடியும் மிருகமாவான். காணாமல்போன ஒப்பந்தம் ஒரு கட்டத்தில் கிடைத்த பிறகும் அவன் விடுவதில்லை. கடைசியில், ஆளில்லாத ராத்திரியில் அவளைப் பாலியல் ரீதியாகத் தாக்குகிறான்.

ஆபீசில் மற்றவர்கள்? ஒரு காட்சியில், அவன் கத்தியதையும் துரத்தியதையும் மேல்மட்ட ஆண்கள் சேர்ந்து ஒரு ஜோக்காகப் பேசிச் சிரிக்கிறார்கள். இந்தப் படத்தில் எனக்கு உண்மையில் பயமாக இருந்த காட்சி அதுதான். பேயும் இல்லை, ரத்தமும் இல்லை. நல்லா டிரஸ் பண்ண நாலு பேர், ஒரு பெண்ணின் பயத்தை வைத்து அடிக்கிற கமென்ட்.

ரசிகர்கள் இரண்டாவது முறை பிரிவது இங்கே.

ஒரு தரப்பு: 'ஆல்வா படும் பாடு வருவதால் இதை காமெடி என்று ரசிக்க முடியவில்லை. அவளுடைய வலியை ஹீரோவின் சேட்டைக்கு செட் பிராப்பர்ட்டி போலப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.'

இன்னொரு தரப்பு: 'படமே ஆல்வாவைப் பற்றியதுதான். ரத்தம் உறிஞ்சும் முதலாளி யார் என்று காட்டத்தான் இவ்வளவு ஏற்பாடும்.'

இரண்டாவது தரப்பிடம் வலுவான ஆதாரம் இருக்கிறது. ஆல்வா வருகிற காட்சிகளில் அலோன்சோ ஒரு இடத்திலும் காமெடி செய்யவில்லை. அவர் வேறொரு படத்தில், சீரியஸான ஒரு படத்தில் நடிப்பது போலவே நடிக்கிறார். அம்மாவிடம் வேலைக்குப் போகமாட்டேன் என்று சொல்லும் இடம், பஸ்ஸிலும் ரயிலிலும் போகிற எந்தப் பெண் ஊழியருக்கும் அந்நியமாக இருக்காது. ஆனால் முதல் தரப்பு சொல்வதையும் தள்ளிவிட முடியாது. கேமரா பெரும்பாலும் பீட்டரோடுதான் இருக்கிறது. தாக்குதலுக்குப் பிறகு ஆல்வா என்ன ஆனாள் என்பதற்குப் படம் கொடுக்கிற நேரம் மிகக் குறைவு. அவளுக்காகப் பழிவாங்க வருவது அவள் அண்ணன். கடைசி ஷாட் அவளுக்கு இல்லை, ரேச்சலுக்கு.

என் வாக்கு இரண்டாவது தரப்புக்கு, ஆனால் அந்தக் கடைசிக் கால் மணி நேரத்துக்காக மார்க் குறைத்துத்தான்.

பீட்டர் பக்கமும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவன் நோயாளி என்பது முதல் காட்சியிலிருந்தே தெரிகிறது. ஆலோசகர் இருக்கிறார், கேட்கிறார், கடிகாரம் பார்க்கிறார். சட்டை முழுக்க ரத்தத்தோடு, கையில் உடைந்த மரக்கட்டையோடு, என்னைக் கொன்றுவிடுங்கள் என்று தெருவில் கெஞ்சிக்கொண்டு போகிறான். நியூயார்க் அவனை விலகிக் கடந்துபோகிறது. சுவரோடு பேசிக்கொண்டே ஆலோசகர் முன் உட்கார்ந்திருப்பதாகக் கற்பனை செய்யும் காட்சி இருக்கிறதே, அதில் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வரும். ஒரு பெண்ணைக் கொன்றதைக்கூட அந்தக் கற்பனை ஆலோசகர் 'பரவாயில்லை' என்று மன்னித்துவிடுகிறார். வசதியான ஆணுக்கு உலகம் கொடுக்கிற சலுகையை இதைவிடக் கிண்டலாகச் சொல்ல முடியாது.

அப்போ ரேட்டிங்கை நம்பலாமா?

இந்த மாதிரிப் படத்துக்கு ரேட்டிங் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் காட்டும் சதவீதம் படத்துக்கான மார்க் இல்லை. எத்தனை விமர்சகர்கள் 'பரவாயில்லை' அல்லது அதற்கு மேல் சொன்னார்கள் என்ற கணக்கு. 100 பேரில் 60 பேர் சொன்னால் 60 சதவீதம், தக்காளி சிவப்பாகிவிடும். அந்த 60 பேரும் ஆஹா ஓஹோ என்றார்களா, சுமார் என்றார்களா என்பது அந்த எண்ணில் தெரியாது.

ஐஎம்டிபியில் வேறு முறை. பார்வையாளர்கள் 1 முதல் 10 வரை மதிப்பெண் போட, அதிலிருந்து ஒரு எடையிட்ட சராசரி வரும். பாதிப் பேர் 2 மார்க், பாதிப் பேர் 9 மார்க் போட்டால் என்ன ஆகும்? சராசரி ஐந்தரை பக்கம் வந்து நிற்கும். அதைப் பார்க்கிறவர் 'ஓ, சுமாரான படம்' என்று நினைத்துவிடுவார். யாருக்குமே அது சுமாராக இருந்திருக்காது!

அதனால் இந்த வகைப் படங்களுக்கு மொத்த எண்ணைவிட, மதிப்பெண்கள் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்பதைப் பாருங்கள். ஒரு உயர்ந்த விமர்சனம், ஒரு திட்டிய விமர்சனம் இரண்டையும் படித்துவிட்டு முடிவெடுப்பது இன்னும் நல்லது.

யார் பார்க்கலாம், யார் தவிர்க்கலாம்?

ஓடும் நேரம் 103 நிமிடம். அமெரிக்காவில் 'ஆர்' சான்றிதழ் பெற்றது, குழந்தைகளோடு பார்க்கும் படம் கண்டிப்பாக இல்லை. பாலியல் தாக்குதல், பணியிடத் துன்புறுத்தல், தற்கொலை முயற்சி காட்சிகள் இருக்கின்றன. அவை உங்களைப் பாதிக்கும் என்றால் தாராளமாகத் தவிர்க்கலாம்.

டிராகுலா கோட்டை, சண்டை, திடுக் திடுக் சவுண்ட் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். வயிறு குலுங்கச் சிரிக்க ரத்தக்காட்டேரி காமெடி வேண்டும் என்றால் 2014இல் வந்த 'வாட் வீ டூ இன் தி ஷேடோஸ்' உங்களுக்கான படம். ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கும் ரத்தக்காட்டேரிகள், பாத்திரம் யார் கழுவுவது என்று சண்டை போடும் கதை. 'அமெரிக்கன் சைக்கோ' உங்களுக்குப் பிடித்திருந்தால் 'வாம்பயர்ஸ் கிஸ்' பிடிக்க வாய்ப்பு அதிகம். அதே மன்ஹாட்டன், அதே மாதிரி சூட் போட்ட ஆள், நடந்தது நிஜமா பிரமையா என்ற அதே குழப்பம். அந்தப் படம் வந்தது 2000இல். அதற்கு அடிப்படையான நாவல்கூட 1991இல்தான் வெளியானது.

கேஜ் மறுபடியும் ரத்தக்காட்டேரி ஆனாரா?

ஆனார், இந்தத் தடவை பிளாஸ்டிக் பல் இல்லாமல். 'நோஸ்ஃபெராட்டு' மேல் இருந்த ஆசையில், அந்தப் படம் எடுக்கப்பட்ட கதையைக் கற்பனையாகச் சொல்லும் 'ஷேடோ ஆஃப் தி வாம்பயர்' படத்தை 2000இல் தயாரித்தார். மேக்ஸ் ஷ்ரெக் நிஜமாகவே ரத்தக்காட்டேரியாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் அந்தப் படத்தின் கதை.

பிறகு 2023இல் 'ரென்ஃபீல்ட்' வந்தது. அதில் கேஜ் அசல் டிராகுலா. நிக்கோலஸ் ஹோல்ட் அவருடைய வேலைக்காரர் ரென்ஃபீல்ட். பல காலமாக முதலாளியிடம் மாட்டிக்கொண்டு, திட்டு வாங்கி, ஆள் பிடித்துக் கொடுத்து, ஒரு நாள் 'இனி முடியாது' என்று கிளம்பும் ஊழியரின் கதை. இதுவும் ரத்தம் தெறிக்கும் டார்க் காமெடிதான், வசூலில் இதுவும் தோல்விதான். ஆனால் இந்தப் படத்தில் கதையைச் சொல்பவர் டிராகுலா இல்லை, அந்த ஊழியர்.